ஓடினால் போதாது, நிற்கவும் வேண்டும்
பழைய செயின் சா வாங்குவோரும் பழுது பார்ப்போரும் அறிய வேண்டியவை

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையின் மரங்களைச் சாய்த்தது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளைப் புரட்டிப் போட்டது. இரண்டு முறையும் வழியை மறித்துக் கிடந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தியவர்கள் நம்பியது செயின் சாவைத்தான். கோடரியும் கைரம்பமும் அரை நாள் இழுக்கும் வேலையை அது சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. அதனால் தோப்புக்காரர், மரம் வெட்டும் கூலிக் குழு, விறகுக் கடைக்காரர் என்று பலரும் இன்று அதைத் தேடுகிறார்கள். பெயர் பெற்ற நிறுவனத்தின் பெரிய மெஷினைப் புதிதாக வாங்கப் பல பத்தாயிரம் ரூபாய் வேண்டும். நாள்கூலிக்கு உழைப்பவருக்கு அது எட்டாத தொகை. பழையதை வாங்கி, போர் பிஸ்டன் (சிலிண்டரும் பிஸ்டனும்) மாற்றி ஓட்டுவதுதான் அவருக்குக் கைகொடுக்கும் வழி.

அந்த வழியில் தவறு ஏதும் இல்லை. தரமான பழைய மெஷினை முறையாகப் புதுப்பித்தால் அது இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் பேரத்தின்போது பெரும்பாலும் ஒரே கேள்விதான் கேட்கப்படுகிறது: "ஸ்டார்ட் ஆகுதா?" கயிற்றை இழுத்ததும் உறுமினால் பணம் கைமாறிவிடுகிறது. முழு வேகத்தில் சுற்றும் செயின் நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடுகிறது. அப்படிப்பட்ட கருவியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "நினைத்த நொடியில் நிற்குமா?" என்பதே.

ஆபத்து எங்கே இருக்கிறது?

செயின் ஓடும் தட்டையான பாருடைய முனையின் மேல்பாதிதான் மிகவும் ஆபத்தான இடம். அறுக்கும்போது அந்தப் பகுதி வேறொரு கிளையிலோ கட்டையிலோ பட்டால், செயினின் வேகம் முழுவதும் பாரை மேலே தூக்கி, பிடித்திருப்பவர் மீதே எறிகிறது. கண் இமைக்கும் முன் அது முகத்தையோ கழுத்தையோ தோளையோ தொட்டுவிடும். மனிதக் கை அதைத் தடுக்கும் வேகம் கொண்டதல்ல. இந்த உதைப்பைச் சமாளிக்கத்தான் 1970களின் தொடக்கத்தில் செயின் பிரேக் வந்தது. முன்கைப்பிடிக்கு எதிரே நிற்கும் பிளாஸ்டிக் தடுப்பு வெறும் கைமறைப்பு அல்ல; பிரேக்கை இயக்கும் நெம்புகோலே அதுதான்.

அதோடு வேறு சில பாதுகாப்புப் பாகங்களும் உண்டு. அறுந்த செயின் கையை அடிக்காமல் பிடித்துக்கொள்ளும் கொக்கி, உள்ளங்கை அழுத்தினால் மட்டுமே ஆக்சிலேட்டரை விடும் பூட்டு, அதிர்வைத் தாங்கும் ரப்பர் தாங்கிகள் அல்லது ஸ்பிரிங்குகள் ஆகியவை அவை. பழைய மெஷின்களில் முதலில் காணாமல் போவதும் இவைதான். தடுப்பு உடைந்தால் அப்படியே விட்டுவிடுகிறார்கள். தேய்ந்த பிரேக் பட்டையைக் கழற்றி வீசுகிறார்கள். ரப்பர் கிழிந்த இடத்தில் போல்ட் போட்டு இறுக்குகிறார்கள். இவை இல்லாமலும் மெஷின் ஓடும், மரமும் அறுபடும் என்பதால் வாங்குபவர் கவனிப்பதில்லை.

அதிர்வு தாங்கிகள் இல்லாத மெஷினைப் பல ஆண்டுகள் பிடிப்பவருக்கு விரல்களில் இரத்த ஓட்டம் குறைந்து, விரல் வெளுத்து, மரத்துப்போகும் நோய் வருகிறது. முற்றிய நிலையில் அது மருந்துக்குக் கட்டுப்படுவது கடினம். இந்த மெஷின்களின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும் என்பதால் காதடைப்பான் இல்லாமல் உழைப்பவரின் செவித்திறன் மெல்ல மெல்லப் போகும். போன செவித்திறன் திரும்பாது.

பணம் கொடுக்கும் முன்

மெஷினைக் குளிர்ந்த நிலையில் காட்டச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடேற்றி வைத்த மெஷின் தன் குறையை மறைத்துவிடும். குளிர்ந்த மெஷின் சோக் போட்டு நாலைந்து இழுப்பில் கிளம்ப வேண்டும்.

அடுத்தது காம்ப்ரஷன். பிளக்கைக் கழற்றி அங்கே மீட்டரைப் பொருத்தி, ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்தியபடி கயிற்றைப் பலமுறை இழுத்துப் பாருங்கள். 120 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் பொதுவாக நல்லது. 100க்குக் கீழே என்றால் பிஸ்டனும் ரிங்கும் தேய்ந்துவிட்டன என்றே கொள்ளலாம். பிறகு சைலன்சரைக் கழற்றுங்கள். அந்தத் துளை வழியே டார்ச் அடித்தால் பிஸ்டனின் பக்கம் தெரியும். அது வழவழப்பாக இருக்க வேண்டும். மேலிருந்து கீழாகக் கீறல்கள் ஓடியிருந்தால், ஆயில் கலக்காமலோ காற்றுக் கசிவோடோ ஓட்டி ஒருமுறையாவது பிஸ்டன் இறுகிப்போன மெஷின் அது. கழற்ற விடமாட்டேன் என்று விற்பவர் மறுத்தால், அந்த மறுப்பையே பதிலாக எடுத்துக்கொண்டு விலகிவிடலாம்.

கிளட்ச் பக்கமும் காந்தச் சக்கரத்தின் பக்கமும் எஞ்சின் தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது, செலவு பெரிது.

இனி பாதுகாப்புச் சோதனை. எஞ்சின் மெல்ல ஓடும்போது செயின் அசையாமல் நிற்க வேண்டும். மெஷினைத் தரையில் வைத்து இரு கையாலும் இறுகப் பிடித்து, வேகம் ஏற்றி, கைப்பிடியை விடாமல் மணிக்கட்டால் தடுப்பை முன்னே தள்ளுங்கள். செயின் அக்கணமே நிற்க வேண்டும். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, பாரின் முனை ஒரு மரக்கட்டைக்கு மேல் ஒரு முழ உயரத்தில் இருக்குமாறு பிடித்து, முன்கைப்பிடியை மட்டும் விடுங்கள். முனை கட்டையில் மோதிய அதிர்ச்சியில் பிரேக் தானாக விழ வேண்டும். விழாவிட்டால், உதைப்பு நேரும்போதும் அது விழாது.

போலியா, திருட்டா?

ஸ்டீல் (STIHL), ஹஸ்க்வர்னா போன்ற நிறுவனங்களின் நிறத்தையும் வடிவத்தையும் அப்படியே நகல் எடுத்த மெஷின்களும் உதிரிப் பாகங்களும் சந்தையில் கலந்திருக்கின்றன. ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம். எஞ்சின் உடம்பில் வரிசை எண் இருக்கிறதா, அது அழிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் அந்த எண்ணுடன் அங்கீகரிக்கப்பட்ட முகவரிடம் கேளுங்கள். போலிப் பொருளை உண்மையானதாகக் காட்டி விற்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி தண்டனைக்குரிய குற்றம்.

எண் சுரண்டப்பட்ட மெஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையற்று வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 317இன்படி மூன்றாண்டு வரை சிறைக்குரியது. தெரியாமல் வாங்கியவர் தண்டனையிலிருந்து தப்பினாலும் மெஷின் உரியவரிடம் போய்விடும். பணத்தை விற்றவரிடம்தான் கேட்க வேண்டும், அதற்கு அவர் யாரென்று நிரூபிக்கும் தாள் வேண்டும்.

எனவே ரசீது இல்லாமல் வாங்க வேண்டாம். தனிநபரிடம் வாங்கினாலும் வெள்ளைத்தாளில் மாடல், வரிசை எண், விலை, தேதி, விற்பவரின் பெயர், முகவரி, கையொப்பம் ஆகியவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். "பிரேக் வேலை செய்கிறது, போர் பிஸ்டன் புதிது" என்று வாயால் சொன்னதை அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். நாளை வழக்கு என்று வந்தால் அந்த ஒரு வரிதான் உங்களுக்காகப் பேசும்.

புதுப்பிக்கும்போது

பிஸ்டன் ஏன் போனது என்று கண்டுபிடிக்காமல் புதிய பிஸ்டன் போடுவது பணத்தை எரிப்பதற்குச் சமம். பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: ஆயில் கலவை தவறு, எங்கோ காற்றுக் கசிவு, ஏர் பில்டர் கிழிந்து உள்ளே போன தூசி. ஆயில் சீல், பெட்ரோல் குழாய், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலான ரப்பர் ஆகியவை வெடித்திருந்தால் புதிய பிஸ்டனும் விரைவில் அதே கதிக்கு ஆளாகும். எஞ்சினைப் பூட்டியதும் துளைகளை அடைத்து, சுமார் 0.5 பார் அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்கும் பட்டறையே நல்ல பட்டறை. வெற்றிடச் சோதனையும் செய்தால் இன்னும் நல்லது. பிஸ்டன் பின்னின் பூட்டு வளையங்களைப் பழையதாகத் திரும்பப் போடக் கூடாது. அது கழன்றால் சிலிண்டரே போகும்.

டூ-ஸ்ட்ரோக் மெஷினுக்கான தரமான ஆயில் என்றால் 50:1, அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. சாதாரண டூ-ஸ்ட்ரோக் ஆயிலுக்கு 25:1, அதாவது 40 மில்லி. கையேடு வேறாகச் சொன்னால் கையேட்டின்படியே செய்யுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். வேலை இல்லாத நாட்களில் டேங்கைக் காலி செய்து, மெஷின் தானாக அணையும்வரை ஓட்டி வைத்தால் கார்புரேட்டர் பிழைக்கும்.

செயின், பார், பற்சக்கரம் மூன்றும் ஒரே அளவுக்கானவையாக இருக்க வேண்டும். அளவு மாறிய செயின் கழன்று அடிக்கும். பட்டறையில் கொடுக்கும்போது என்னென்ன மாற்றப்போகிறார்கள் என்று எழுதி வாங்குங்கள், மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். பிரேக் பட்டை, கைத்தடுப்பு, செயின் கொக்கி, ரப்பர் தாங்கிகள் ஆகியவற்றை அந்தப் பட்டியலின் தலையில் எழுதுங்கள். மெக்கானிக் நண்பர்களே, பிரேக்கை எடுத்துவிடச் சொல்லி வாடிக்கையாளரே கேட்டாலும் மறுத்துவிடுங்கள். பழுது பார்த்த வேலையின் குறையால் ஒருவருக்குக் கேடு நேர்ந்தால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் பழுது பார்த்தவரையும் பொறுப்பாக்குகிறது.

ஏமாற்றப்பட்டால்

கடையோ, இதையே தொழிலாகச் செய்பவரோ விற்றிருந்தால் நுகர்வோர் சட்டம் துணைக்கு வரும். தொழிலுக்காக வாங்கியதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற பலகையைக் கண்டு ஒதுங்க வேண்டாம். குறைபாடுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். ரசீது தர மறுப்பதும் அப்படியே.

முதலில் விற்றவருக்குக் குறையை விளக்கிப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம். அதுவும் பலிக்காவிட்டால் இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். பொருளின் விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். ஒன்று நினைவிருக்கட்டும்: சோதித்துப் பார்த்தால் தெரிந்திருக்கும் குறையைச் சோதித்தும் கவனிக்காமல் வாங்கினால், 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம் அதற்குக் கைகொடுக்காது. மேலே சொன்ன சோதனைகளை நிதானமாகச் செய்யச் சொல்வது இதற்காகவும்தான்.

கூலிக்கு அறுப்பவர் கவனத்துக்கு

வேலையால் நேர்ந்த காயத்துக்கு வேலை கொடுத்தவர் இழப்பீடு தர வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டிலிருந்தே இந்நாட்டுச் சட்டம். அதிலேயே ஒரு விதிவிலக்கும் உண்டு. பாதுகாப்புக்காக வைத்த கருவி என்று தெரிந்தும் தொழிலாளி அதைத் தானே கழற்றியதால் காயம் பட்டால், மரணமோ நிரந்தர முழு ஊனமோ தவிர்த்த காயங்களுக்கு இழப்பீடு மறுக்கப்படலாம். பிரேக்கைக் கழற்றி வீசுபவர் தன் கையைக் காக்கும் பாகத்தை மட்டுமின்றித் தன் குடும்பத்துக்குச் சேர வேண்டிய பணத்தையும் வீசுகிறார். காயம்பட்டால் 108ஐ அழையுங்கள். மருத்துவமனையில் காரணத்தை மறைக்காமல் பதியச் சொல்லுங்கள், மெஷினைப் படமெடுத்து வையுங்கள், தாமதிக்காமல் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் விபத்துக்கு முன்பே பதிந்து வைத்திருப்பது நல்லது.

லுங்கியும் ரப்பர் செருப்பும் இந்த வேலைக்கான உடை அல்ல. தலைக்கவசம், முகவலை, காதடைப்பான், பூட்ஸ், செயினைச் சிக்கவைத்து நிறுத்தும் இழைகள் கொண்ட கால்சட்டை ஆகிய ஐந்தும் மெஷினின் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டியவை.

எந்த மரத்தை அறுக்கிறோம் என்பதும் முக்கியம். மலைப்பகுதிகளில் 1955ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி சொந்த நிலத்து மரத்துக்கும் அனுமதி வேண்டும். சந்தன மரத்துக்குத் தனி விதிகள் உண்டு. வனக் குற்றம் என்று பதிவானால் மரத்தோடு அறுத்த கருவியையும் கைப்பற்ற வனத்துறைக்கு அதிகாரம் இருக்கிறது. முதலாளியின் வாய்மொழியை நம்பாமல் அனுமதித் தாளைக் கண்ணால் பார்த்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

மரம் அறுக்க ஆள் அழைக்கும் தோப்புக்காரர்கள், ஒப்பந்ததாரர்கள், உள்ளாட்சி அலுவலர்கள் அனைவருக்கும் இதில் பங்கு உண்டு. கூலி பேசும் முன் மெஷினின் பிரேக்கைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். வேலை செய்யாவிட்டால் அன்று அந்த மெஷினை ஓட விடாதீர்கள். பாதுகாப்பான மெஷினுக்கு மட்டுமே வேலை கிடைக்கும் என்ற நிலை வந்தால், கழற்றி வீசிய பாகங்களை மாட்டுவதற்குப் பட்டறைகள் தாமாகவே முன்வரும்.