லேப்டாப்பை எப்போதும் சார்ஜில் போட்டே வைக்கலாமா?

லேப்டாப் வாங்கி ஒன்றரை, இரண்டு வருடம் ஆனதும் பல வீடுகளில் ஒரே புகார்தான். புதிதில் ஐந்து மணி நேரம் நின்ற சார்ஜ் இப்போது ஒரு மணி நேரம்கூட நிற்பதில்லை. கரண்ட் போன மறு நிமிடமே திரை அணைந்துவிடுகிறது. பிள்ளை பாதி எழுதிக்கொண்டிருந்த ஆன்லைன் தேர்வும் அதோடு போய்விடுகிறது. "வாப்பா கஷ்டப்பட்டு வாங்கி அனுப்பியது என்று ஒரு நாள்கூடச் சார்ஜ் தீர விட்டதில்லையே, எப்போதும் சார்ஜரில் போட்டேதானே வைத்திருந்தோம்" என்று உம்மா வருத்தப்படுவார்கள். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்த அந்தக் காரியமே பேட்டரியின் ஆயுளைக் குறைத்திருக்கிறது.

இந்த விஷயத்தில் நம்மிடையே புழங்கும் ஆலோசனைகளும் ஒன்றுக்கொன்று முரணானவை. "முழுவதும் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும்" என்பார் ஒருவர். "புதிதாக வாங்கினால் முதலில் எட்டு மணி நேரம் சார்ஜ் போடு" என்பார் இன்னொருவர். இவை பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளின் காலத்து ஆலோசனைகள். அந்த வகைப் பேட்டரி பாதியிலேயே சார்ஜ் செய்யப்பட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பாதியையே தன் முழு அளவாகக் காட்டத் தொடங்கும் குறை கொண்டது. 1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இன்று நம் கையில் உள்ள லேப்டாப், செல்போன் எல்லாம் இந்த வகைதான். இதை உருவாக்கிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019இல் வேதியியல் நோபல் பரிசும் கிடைத்தது. இந்த லித்தியம் அயானுக்கு அந்தக் குறை கிடையாது. ஆகவே அதைத் தீர்த்துத் தீர்த்துச் சார்ஜ் செய்ய வேண்டிய அவசியமும் இல்லை.

அப்படியானால் இது எதனால் கெடுகிறது? பேட்டரிக்குள் ஒரு பக்கம் கிராஃபைட், மறுபக்கம் லித்தியம் கலந்த உலோக ஆக்சைடு, இடையில் ஒரு திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயான்கள் கிராஃபைட் பக்கம் போய்ச் சேர்கின்றன. பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. கிராஃபைட்டின் மேல் பாசி படிவதுபோல ஒரு மெல்லிய படலம் உண்டாகும். ஓரளவுக்கு அது தேவையானதும்கூட. ஆனால் அது தடிக்கத் தடிக்க, கொஞ்சம் கொஞ்சமாக லித்தியத்தை விழுங்கிவிடும். அப்படிப் போன லித்தியம் திரும்பக் கிடைக்காது. நம் பேட்டரியின் கொள்ளளவு குறைவது பெரும்பாலும் இதனால்தான்.

இந்தச் சிதைவு எப்படியும் நடக்கும். நம்மால் அதை நிறுத்த முடியாது. வேகத்தை மட்டும் குறைக்க முடியும். வேகத்தைக் கூட்டுபவை முக்கியமாக இரண்டு: முழு சார்ஜில் நீண்ட நேரம் நிற்பது, சூடு. 100 சதவீதத்தில் பேட்டரியின் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல் இருக்கும். 80 சதவீதத்தில் சுமார் 4 வோல்ட். வித்தியாசம் சின்னதாகத் தெரிந்தாலும், உள்ளே இருக்கும் வேதிப்பொருட்களுக்கு அந்த உச்ச அழுத்தம் பெரிய சுமை.

கனடாவின் கேடெக்ஸ் நிறுவனம் நடத்தும் பேட்டரி யுனிவர்சிட்டி என்ற இணையதளம் இதற்கு ஒரு கணக்குத் தருகிறது. லித்தியம் பேட்டரியை 40 சதவீத சார்ஜில், 25 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் சும்மா வைத்திருந்தால் அதன் கொள்ளளவில் 96 சதவீதம் மிஞ்சும். அதே வெப்பத்தில் முழு சார்ஜில் வைத்திருந்தால் 80 சதவீதம்தான் மிஞ்சும். வெப்பம் 40 டிகிரியானால் 40 சதவீத சார்ஜில் இருந்தது 85 சதவீதம் மிஞ்சும். முழு சார்ஜில் இருந்ததோ 65க்கு இறங்கிவிடும். நம் ஊர் சித்திரை வெயிலையும் வளைகுடாவின் கோடையையும் இந்த எண்களோடு பொருத்திப் பாருங்கள். அதிலும் வேலை செய்துகொண்டிருக்கும் லேப்டாப்பின் உட்புறம் அறையைவிடச் சூடாக இருக்கும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சார்ஜரில் போட்டே வைத்தால் மின்சாரம் அளவுக்கு மீறி ஏறிப் பேட்டரி வெடித்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. நல்ல நிலையில் உள்ள லேப்டாப்பில் அப்படி ஆகாது. பேட்டரி நிறைந்ததும் உள்ளே இருக்கும் சர்க்யூட் சார்ஜ் ஏறுவதை நிறுத்திவிடும். அதன் பிறகு லேப்டாப் சார்ஜரின் மின்சாரத்திலேயே ஓடும். ஆகவே மின் இணைப்பில் இருப்பது தவறில்லை. மாதக்கணக்கில் 100 சதவீதத்திலேயே நிற்பதுதான் பிரச்சினை. பள்ளிவாசல் அலுவலகத்தில் ஜமாஅத் கணக்கு எழுதும் லேப்டாப்பும், மதரஸா அலுவலக லேப்டாப்பும் பெரும்பாலும் இப்படித்தான் மேசையை விட்டு நகராமல், சார்ஜர் கழற்றப்படாமல் வருடங்களைக் கழிக்கின்றன. அவை மக்கள் பணத்தில் வாங்கிய அமானிதம். அவற்றின் பேட்டரி யாரும் ஒரு நாள்கூட உபயோகிக்காமலே வீணாகிப் போவதை நாம் கவனிப்பதில்லை.

இதற்குத் தீர்வு லேப்டாப்பின் உள்ளேயே இருக்கிறது. 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதியைப் பல நிறுவனங்கள் தருகின்றன. லெனோவோவில் வான்டேஜ் என்ற செயலியைத் திறந்தால் 'கன்சர்வேஷன் மோட்' இருக்கும்; திங்க்பேட் வகையில் எத்தனை சதவீதத்தில் நிறுத்த வேண்டும் என்று நாமே எண் கொடுக்கலாம். ஆசுஸில் மைஆசுஸ் செயலிக்குள் 'பேட்டரி ஹெல்த் சார்ஜிங்' என்ற பகுதி. டெல்லில் எப்போதும் மின் இணைப்பில் இருப்பவர்களுக்கென்றே 'பிரைமரிலி ஏசி யூஸ்' என்ற தேர்வு உண்டு. ஏசரில் கேர் சென்டர் செயலியில் தேட வேண்டும். எச்பியின் பல மாடல்களில் இது பயாஸ் அமைப்புக்குள் இருக்கிறது. அதற்குள் போகத் தயக்கமாக இருந்தால் விவரம் தெரிந்த பிள்ளைகளிடம் கொடுங்கள். ஆப்பிள் மேக்புக்கில் 'ஆப்டிமைஸ்டு பேட்டரி சார்ஜிங்' நம் வழக்கத்தைப் பார்த்துத் தானாகவே தாமதித்துச் சார்ஜ் ஏற்றும். அதை அணைக்காமல் விட்டாலே போதும்.

ஒருமுறை அமைத்துவிட்டால் தினமும் கவனிக்கத் தேவையில்லை. பயணம் போகும் நாளோ, பரீட்சை நாளோ வந்தால் முந்தின இரவு அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு 100 வரை ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றிய சார்ஜை அடுத்த சில மணி நேரத்தில் உபயோகித்துவிடுவதால் பெரிய பாதிப்பில்லை. உங்கள் பகுதியில் தினமும் மணிக்கணக்கில் கரண்ட் போகிறதென்றால் 80க்குப் பதில் 90 என்று வைத்துக்கொள்வதும் நியாயமே. பேட்டரி நமக்காகத்தான், நாம் பேட்டரிக்காக இல்லை.

பழைய லேப்டாப்களில் இந்த வசதி இல்லாமல் இருக்கலாம். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா லேப்டாப்கள் இன்னும் சில வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் கையால்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். 20, 30 சதவீதத்துக்கு இறங்கியதும் சார்ஜ் போட்டு, 80ஐ ஒட்டி கழற்றிவிடுங்கள். கொஞ்சம் முன்பின் ஆனால் பரவாயில்லை. இரவு சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கும் பழக்கத்தை விட்டாலே பாதி வேலை முடிந்தது.

"அடிக்கடி சார்ஜ் போட்டால் சைக்கிள் கணக்கு கூடிவிடாதா?" என்று சிலர் கேட்பதுண்டு. எத்தனை முறை சார்ஜரைச் செருகினோம் என்பது கணக்கே இல்லை. இன்று 50 சதவீதம் உபயோகித்துச் சார்ஜ் போட்டு, நாளை இன்னொரு 50 உபயோகித்தால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சைக்கிள். சாதாரண லேப்டாப் பேட்டரிகள் 300 முதல் 500 சைக்கிள் வரை நன்றாக உழைக்கும். இன்றைய மேக்புக்குகளுக்கு ஆப்பிள் சொல்லும் கணக்கு 1000.

சூட்டைப் பொறுத்தவரை நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு மெத்தையும் தலையணையும். லேப்டாப்பின் அடியில்தான் காற்று போகும் துளைகள் இருக்கின்றன. மெத்தையில் வைத்தால் அவை அடைபட்டு உள்ளே கொதிக்கும். ஒரு பலகையோ, பழைய அட்டை போட்ட பெரிய புத்தகமோ அடியில் இருக்கட்டும். சார்ஜ் ஏறும்போது பிள்ளைகள் கனமான கேம் விளையாடினால் இரண்டு சூடும் சேர்ந்துகொள்ளும். ஜும்ஆவுக்குப் போகும்போது வெயிலில் நிறுத்திய காருக்குள் லேப்டாப்பை விட்டுச் செல்ல வேண்டாம். வளைகுடா கோடையில் மூடிய காருக்குள் 60 டிகிரியைத் தாண்டிவிடும்.

இதற்கு நேர்மாறான தவறு ஒன்றும் இருக்கிறது. விடுமுறையில் ஊருக்கு வருபவர் 3 சதவீத சார்ஜில் இருந்த லேப்டாப்பை அப்படியே அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வருவார். சும்மா இருந்தாலும் சார்ஜ் மெல்ல இறங்கும். ஓர் அளவுக்குக் கீழே போனால் பாதுகாப்பு சர்க்யூட் பேட்டரியையே பூட்டிவிடும். பிறகு என்ன செய்தாலும் சார்ஜ் ஏறாது. உம்ராவுக்கோ, நீண்ட விடுமுறைக்கோ போவதானால் பாதி சார்ஜ் வைத்து, முழுவதுமாக அணைத்து, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஆகுமென்றால் இடையில் யாராவது ஒருமுறை மீண்டும் பாதிக்கு ஏற்றி வைப்பது நல்லது.

உங்கள் பேட்டரி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று விண்டோஸிலேயே பார்க்கலாம். கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, ஆங்கிலத்தில் 'பவர்சிஎஃப்ஜி' என்று சேர்த்து எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, 'பேட்டரிரிப்போர்ட்' என்று தொடர்ந்து எழுதி என்டர் தட்டினால் ஓர் அறிக்கை உருவாகும். அதில் 'டிசைன் கெப்பாசிட்டி' என்பது புதிதில் இருந்த அளவு, 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' இன்றைய அளவு. முதலாவது 42,000, இரண்டாவது 31,500 என்றிருந்தால் நான்கில் மூன்று பங்கு மிஞ்சியிருக்கிறது என்று பொருள். பழைய லேப்டாப் விலைக்கு வாங்கும் முன் விற்பவரிடம் இந்த அறிக்கையைக் கேட்டுப் பார்க்கத் தவறாதீர்கள்.

கொள்ளளவு குறைந்தால் சிரமம் மட்டும்தான். பேட்டரி உப்பினால் அது ஆபத்து. டச்பேட் மேலே தூக்கி நிற்பது, அதை அழுத்த முடியாமல் போவது, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடுவது, மூடி சரியாக மூடாதது எல்லாம் உள்ளே பேட்டரி வீங்கியதற்கான அடையாளங்கள். உடனே அணைத்துச் சார்ஜரைக் கழற்றுங்கள். அழுத்தவோ, குத்தவோ, நாமே நெம்பி எடுக்கவோ கூடாது. பிள்ளைகள் கைக்கு எட்டாமல், தீப்பிடிக்கும் பொருள் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, தாமதிக்காமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போட வேண்டாம். குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். மின்னணுக் கழிவு சேகரிப்பவர்களிடமே கொடுக்க வேண்டும்.

மாற்றும்போது பழைய பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அதே வகையை வாங்குங்கள். அசலின் விலையில் பாதிக்கும் கீழே ஒன்று கிடைக்கிறதென்றால் சந்தேகப்படுவதே நல்லது. வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் புது பேட்டரி கொடுத்தனுப்பச் சொல்பவர்கள் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: தனியாக எடுத்து வரும் லித்தியம் பேட்டரி விமானத்தில் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. 100 வாட் ஹவர் வரை உள்ளதைத்தான் பொதுவாகத் தனி அனுமதி இல்லாமல் கொண்டு வரலாம். அந்த எண்ணும் பேட்டரியின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும்.