காசநோயாளியை ஊருக்கு வெளியே வைப்பது ஏன் நின்றது?

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயர், 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து அங்கே தொடங்கிய காசநோய் விடுதியிலிருந்து வந்தது. மருந்தில்லாத அந்தக் காலத்தில் நல்ல காற்று, சத்துணவு, முழு ஓய்வு ஆகியவையே சிகிச்சை. மருந்து வந்த பிறகும் இவை தேவையா? 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஐசோனியசிட், பாஸ் (PAS) என்ற ஒரே மருந்துகளை ஓராண்டுக்கு ஒரு பிரிவினர் சானடோரியத்திலும் மற்றவர்கள் நெரிசலான வீடுகளிலும் எடுத்துக்கொண்டார்கள். வீட்டிலிருந்தவர்களுக்குச் சாப்பாடும் ஓய்வும் குறைவு. ஆனாலும் குணமானவர்களின் விகிதத்தில் பெரிய வேறுபாடில்லை.

வீட்டிலுள்ள மற்றவர்களுக்குத் தொற்றாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நோய் கண்டறியப்படும் முன்பே நோயாளி பல வாரங்கள் இருமியிருப்பார். பெரும்பாலான தொற்று அப்போதே நடந்துவிடும். சரியான மருந்து தொடங்கியதும் பரப்பும் திறன் விரைவாகக் குறைகிறது. வீட்டில் மாத்திரையை ஒழுங்காக விழுங்குவார்களா என்பதுதான் இதைவிட வலுவான ஆட்சேபம். அதனால்தான் ஆய்வாளர்கள் சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள்.

அதற்காக உணவு முக்கியமில்லை என்று முடிவுகட்டுவது அவசரம். ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தாருக்குச் சத்துணவு கொடுத்தபோது அவர்களிடையே புதிய காசநோய் 39 சதவீதம் குறைந்ததாக 2023-ல் வெளியான ஆய்வு காட்டியது. தாம்பரம் சானடோரியமாக இருந்த மருத்துவமனையும் வேலையற்றுப் போய்விடவில்லை. நிலை மோசமானவர்களுக்கு இன்றும் படுக்கை வேண்டும். யாருக்கானாலும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அது இலவசம்.