கார் ஒருபுறம் சாய்வது ஏன்?

வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளியிலிருந்து திருப்பூருக்குச் செல்லும் சாலையில் பனியன் ஏற்றுமதியாளர்களின் உயர்ரகக் கார்களைக் காண்பது சகஜம். அவற்றுள் சில, இரும்புச் சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பைகளின்மீது நிற்பவை. அத்தகைய காரொன்று ஒருபுறம் சாய்ந்து, எச்சரிக்கை விளக்கும் எரியுமானால், பை கிழிந்ததென்று தீர்மானிக்குமுன் உயரத்தை அளக்கும் சென்சாரைப் பரிசோதிப்பதே விவேகம்.

சக்கரம் ஏறி இறங்குந்தோறும், ஒரு மெல்லிய இணைப்புத் தண்டு சென்சாரின் நெம்புகோலைத் திருப்புகிறது. உள்ளிருக்கும் காந்தம் சுழல, 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவின்படி, மின்னழுத்தம் பெரும்பாலும் 0.5 முதல் 4.5 வோல்ட் வரை மாறுகிறது. தண்டின் மூட்டு கழன்றாலோ, ஈரம் புகுந்து கனெக்டர் ஊசிகள் பச்சை பூத்தாலோ, பொய்யான உயரத்தை மெய்யென நம்பிக் காரின் கணினி பையின் காற்றைத் திறந்துவிடுகிறது.

ஆகையால், ஸ்கேனரில் நான்கு சக்கரங்களின் அளவுகளையும் ஒப்பிட்டபின், வண்டியை ஸ்டாண்டில் பத்திரமாக நிறுத்தி, தண்டைக் கழற்றி நெம்புகோலைக் கையால் மெல்ல அசைக்கையில், மல்டிமீட்டரில் மின்னழுத்தம் சீராக ஏறாமல் துள்ளினால் சென்சார் பழுது. 5 வோல்ட் ஊட்டமே வராவிடில் ஒயரில் கோளாறு. அளவுகள் சரியாக இருந்தும் வண்டி இரவோடிரவாக அமிழ்ந்தால், சோப்புநீர் தடவிக் காற்றுக்கசிவைத் தேடவேண்டும். புதிய சென்சார் பொருத்தியபின், சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்து, அவ்வளவைக் கணினியில் பதியாவிட்டால், பழுதுபார்த்த வண்டியும் சாய்ந்தே நிற்கக்கூடும்.