முதுகுக்குப் பின்னால் எட்டு சிலிண்டர்

‘இன்ஜினை இறக்கணும் சார்’ என்று மெக்கானிக் சொன்னால் போதும், கார்க்காரருக்கு வயிற்றைக் கலக்கும். சொல்தான் இறக்குவது, பெரும்பாலும் நடப்பது தூக்குவது. பானெட்டைத் திறந்து, சங்கிலி மாட்டி, மேலே இழுத்துத்தான் இன்ஜினை வெளியே எடுப்பார்கள். அந்தச் சொல்லுக்கு ஏற்றபடி இன்ஜின் நிஜமாகவே கீழே இறங்குகிற கார் ஒன்று உண்டு: அமெரிக்காவின் பான்டியாக் ஃபியரோ.

இரண்டே இருக்கை. இருக்கைகளுக்கும் பின்சக்கரங்களுக்கும் நடுவே, குறுக்குவாட்டில் இன்ஜின். இன்ஜின், கியர்பாக்ஸ், பின் சஸ்பென்ஷன் மூன்றையும் ஓர் இரும்புத் தொட்டில் சுமக்கிறது. தொட்டிலை உடலோடு பிடித்திருப்பவை நான்கே போல்ட்கள். ஹோஸ், ஒயர், கியர் கேபிள், பிரேக் பைப் எல்லாவற்றையும் கழற்றி, தொட்டிலுக்கு அடியில் சக்கரம் வைத்த பலகையைக் கொடுத்து, அந்த நான்கையும் எடுத்துவிட்டால் இன்ஜின் பலகைமேல் உட்கார்ந்துகொள்ளும். பிறகு தூக்க வேண்டியது காரைத்தான். பின்பக்கம் உயர உயர, சக்கரங்களோடு சேர்ந்து மொத்த இயந்திரமும் அடியிலிருந்து உருண்டு வெளியே வரும். நாற்பது வயதான இந்தக் காரில் பெரிய இன்ஜினைப் பொருத்திப் பார்க்கும் ஆசை அமெரிக்க வீட்டு கராஜ்களில் இன்னும் தணியாததற்கு இந்த வசதி ஒரு முக்கியக் காரணம்.

ஃபியரோ பிறந்த கதையே கொஞ்சம் தந்திரமானது. கார்வெட் என்ற ஸ்போர்ட்ஸ் கார் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்பது பான்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையின் எண்ணம். துருக்கியில் பிறந்த பொறியாளர் ஹுல்கி அல்டிகாச்டி தலைமையிலான குழு, பெட்ரோலை மிச்சப்படுத்தும், அலுவலகம் போய்வர உதவும் இரண்டு இருக்கைக் கார் என்று அதை முன்வைத்து அனுமதி வாங்கியது. பணம் அளந்துதான் கிடைத்தது. ஆகவே முன் சஸ்பென்ஷன் செவெட் என்ற மலிவான சின்னக் காரிலிருந்து வந்தது. பின்பக்கத்துக்கு இன்னும் விசித்திரமான வழி: முன்சக்கர இழுவை கொண்ட செவர்லே சைட்டேஷனின் முன்பாதி இயந்திரத்தை அப்படியே கொண்டுவந்து இருக்கைக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள்.

1984 மாடலாக வந்த கார் பார்வைக்குப் பந்தயக் குதிரை. உள்ளே இருந்ததோ ‘அயர்ன் டியூக்’ என்ற 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜின், 92 குதிரைத்திறன். முதல் வருடம் 1,36,000-க்கும் மேல் தயாரானது. கூடவே கெட்ட பெயரும் வந்தது. ஆயில் குறைந்த நிலையில் ஓடிய சில இன்ஜின்களில் கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைத் துளைக்க, சிதறிய ஆயில் கொதிக்கும் எக்ஸாஸ்ட்டில் பட்டுத் தீப்பிடித்தது. கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 1985-இல் 140 குதிரைத்திறன் கொண்ட 2.8 லிட்டர் வி6 வந்தும் பெயர் மீளவில்லை. 1988-உடன் கடை மூடப்பட்டது.

வேடிக்கை என்னவென்றால், எந்தச் சிக்கனத்துக்காக விமர்சகர்கள் அதைக் கேலி செய்தார்களோ, பின்னால் கைகொடுத்தது அதே சிக்கனம்தான். பின்பக்கம் இருப்பது முன்சக்கர இழுவைக் காரின் உறுப்புகள் அல்லவா? ஜெனரல் மோட்டார்ஸின் முன்சக்கர இழுவைக் கார்களில் பலவற்றுக்கு, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் முகத்தில் போல்ட் துளைகள் ஒரே வரிசையில்தான் இருந்தன. காடிலாக்கின் 4.9 லிட்டர் வி8, ஃபியரோவின் கியர்பாக்ஸோடு சேர்ந்துகொள்ளும். பூயிக், பான்டியாக் குடும்பக் கார்களில் ஓடிய 3.8 லிட்டர் சூப்பர்சார்ஜ்டு வி6-உம் அப்படியே. தாத்தா ஓட்டிய பெரிய சொகுசுக் காரின் இன்ஜின், பழைய கார்க் கடையில் கிடைக்கும் விலையில், ஸ்போர்ட்ஸ் காருக்குள் போய்விடும். அந்த வி6 தருவது 240 குதிரைத்திறன். பிறந்தபோது இருந்ததைவிட இரண்டரை மடங்குக்கும் மேல்.

குறுக்கே படுக்கும் இன்ஜினில் லிட்டர் கணக்கைவிட நீளம்தான் பிரச்னை. ஒரு முனையில் கியர்பாக்ஸ், மறுமுனையில் பெல்ட், புல்லி, தண்ணீர் பம்ப். இரண்டு பக்கமும் காரின் சட்டம். விரல் அகலத்துக்குத் தகராறு. இந்தத் தலைவலி கம்பெனிக்கும் இருந்தது. 2000-களின் நடுவில் 5.3 லிட்டர் வி8-ஐ முன்சக்கர இழுவைக் கார்களில் குறுக்கே வைக்க, ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர்கள் கிராங்க் ஷாஃப்ட்டையே 13 மில்லிமீட்டர் குறைத்தார்கள்: ஒரு முனையில் 3, இன்னொன்றில் 10. இம்பாலா எஸ்எஸ் போன்ற கார்களுக்காகச் செய்த எல்எஸ்4 இன்ஜின் அது; 303 குதிரைத்திறன். ஃபியரோக்காரர்களுக்கு வேண்டியதை அவர்களைக் கேட்காமலேயே கம்பெனி செய்து கொடுத்துவிட்டது.

இன்ஜின் உட்கார்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்தான் அரைகுறையாக நின்ற காரை விற்கிறவர். ரேடியேட்டர் காரின் மூக்கில் இருக்கிறது, இன்ஜின் முதுகில். கூலன்ட் காரின் அடியில், கதவுகளுக்குக் கீழே ஓடும் குழாய்கள் வழியாக முன்னே போய்த் திரும்ப வேண்டும். 92 குதிரைத்திறனின் சூட்டுக்கு வைத்த ரேடியேட்டர் வி8-க்குப் போதுமா என்று பார்த்தாக வேண்டும். குழாயில் காற்று சிக்கினால் முள் சிவப்புக்கு ஏறும். அடுத்தது ஒயரிங். அந்த 3.8 லிட்டர் வி6-இன் கம்ப்யூட்டரில் திருட்டுத் தடுப்பு உண்டு. பழைய காரின் சாவி அடையாளம் கிடைக்காவிட்டால் வண்டி கிளம்பாது. மென்பொருளில் அதை நீக்கிய பிறகுதான் உயிர் வரும்.

எடை இன்னும் நுணுக்கமான விஷயம். நடு இன்ஜின் காரில் பாதிக்கு மேல் பாரம் பின்சக்கரங்கள்மேல்தான். வளைவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், பாரம் முன்னே சாய்ந்து பின்டயர் பிடியை விடும். கார் வால் பக்கமாகச் சுழலும். இரும்பு பிளாக் வி8-ஐ வைத்தால் இது இன்னும் கூடும். பிரேக், ஷாக் அப்சார்பர், டயர் மூன்றையும் தொடாமல் இன்ஜினை மட்டும் மாற்றுவது முட்டாள்தனம். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

இந்தப் பைத்தியம் தொழிற்சாலைகளையும் விட்டதில்லை. 1969-இல் போர்ஷே, நான்கு சிலிண்டர் 914-க்குள் 908 பந்தயக் காரின் 3 லிட்டர், எட்டு சிலிண்டர் இன்ஜினை வைத்தது. இரண்டே கார்கள்: ஒன்று பொறியாளர் ஃபெர்டினாண்ட் பியெஹுக்கு, மற்றொன்று கம்பெனித் தலைவர் ஃபெரி போர்ஷேயின் அறுபதாவது பிறந்தநாள் பரிசு. லோட்டஸ், எக்ஸிஜ் காரில் டொயோட்டாவின் 3.5 லிட்டர் வி6-ஐ வைத்தபோது முன்பின் சக்கர இடைவெளியையே 70 மில்லிமீட்டர் நீட்டியது. வீட்டு கராஜில் அது நடக்கிற காரியமா?

ஃபியரோவுக்கு எந்த இன்ஜின் நல்லது என்று கேட்டால் பதில் 3.8 லிட்டர் வி6. சத்தத்துக்கு வி8, தினமும் ஓட்ட இது. எந்த ஃபியரோ என்பதுதான் அதைவிட முக்கியமான கேள்வி. 1987 வரை வந்தவற்றின் பின்சக்கரங்களில், சைட்டேஷனில் ஸ்டீயரிங்குக்காக இருந்த தண்டுகள் தொட்டிலோடு கட்டப்பட்டு அப்படியே இருக்கின்றன. பள்ளத்தில் இறங்கினால் பின்சக்கரம் தானாகக் கொஞ்சம் திரும்பும். 300 குதிரைத்திறனோடு இது விளையாட்டல்ல. கடைசி வருடத்தில்தான் கம்பெனி இதைச் சரிசெய்து, புதிய சஸ்பென்ஷனையும் காற்று புகும் பிரேக் டிஸ்க்குகளையும் கொடுத்தது. மொத்தம் தயாரான 3,70,168 ஃபியரோக்களில் அந்த 1988 மாடல் கார்கள் வெறும் 26,402.