உலக மேடையில் பேசலாம்... ஊர்க் கூட்டத்தில் பேச முடியாதா?

தெருமுனை இஸ்திரி வண்டியை எல்லோரும்தான் பார்க்கிறோம். அதில் கனலும் கரியைப் பார்த்து யோசித்தவர், திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர். அப்போது அவருக்கு வயது 12. கரிக்குப் பதில் சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார்.

அந்த வண்டி அவரை எர்த்ஷாட் விருதின் இறுதிப் பட்டியல்வரை கொண்டுசென்றது. 2021 நவம்பரில், கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசினார். வெற்று வாக்குறுதிகளால் தன் தலைமுறை கோபத்தில் இருக்கிறது, ஆனால் கோபப்பட நேரமில்லை, செயல்தான் வேண்டும் என்பதே பேச்சின் சாரம்.

பிள்ளைகளை மேடையேற்றிக் கைதட்டுவது சுலபம். முடிவெடுக்கும்போது அவர்களைக் கேட்பதுதான் அரிது. இளைஞர்களுக்கெனத் தனி அலுவலகம் அமைக்க ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்ததே 2022-ல்தான்!

யுனெஸ்கோவில் இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கிய டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் திருத்தணி. இன்று சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகள் குரல் கொடுக்கக் கடல் தாண்ட வேண்டியதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். குடிநீர், குப்பை, ஏரி என எதைப் பற்றியும் எழுந்து கேட்கலாம்.

ஆனால், கிளாஸ்கோவில் பேசியபோது வினிஷாவுக்கு வயது 15. அந்த வயதுப் பிள்ளை கிராம சபையில் உறுப்பினராகவே முடியாது!

வீட்டில் 18 நிறைந்த பிள்ளை இருந்தால், அடுத்த கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள். 15 வயதுதான் என்றால், அவர் கேட்க நினைப்பதை நீங்கள் எழுந்து கேளுங்கள்.