கோவிலும் கோட்டையும் கொம்பறையும்

ருமேனியா நாட்டின் திரான்சில்வேனியாப் பிரதேசத்தில் விஸ்கிரி என்றொரு சிறிய கமக்காரக் கிராமம் உண்டு. ஜேர்மன் மொழியில் அதன் பெயர் 'வெள்ளைக் கோவில்' என்று பொருள்படும். அங்கே மேட்டு நிலத்தில் மதில் சூழ நிற்கும் கோவிலே இப்பெயருக்குக் காரணம்.

12ம் நூற்றாண்டில் ஹங்கேரி மன்னன் இரண்டாம் கேசா, தன் எல்லைப்புறத்தில் குடியேறுமாறு ஜேர்மன் மொழி பேசும் மக்களை அழைத்தான். 'சாக்சன்கள்' எனப்பட்ட அவர்கள் காடு திருத்திக் கமம் செய்தனர். அக்காலத்துச் சிற்றாலயம் ஒன்றே விஸ்கிரிக் கோவிலின் கருவாகும். அது றோமனெஸ்க் பாணியில் அமைந்தது. தடித்த கற்சுவர், அரைவட்ட வளைவு, சிறிய சாளரம் ஆகியன இப்பாணியின் அடையாளங்கள். பாரத்தைச் சுவரே தாங்க வேண்டியிருந்ததால் சாளரங்களைப் பெரிதாக்க முடியவில்லை. இவ்வமைப்பே பிற்காலத்தில் பாதுகாப்புக்கும் உதவிற்று.

1241இல் மங்கோலியரும், 14ம் நூற்றாண்டின் இறுதி தொடக்கம் துருக்கியரும் படையெடுத்தனர். திடீரெனப் புகுந்து கொள்ளையிடுவதும் மக்களைச் சிறைப்பிடிப்பதுமே பல தாக்குதல்களின் நோக்கம். ஆகவே சில நாட்கள் தாக்குப்பிடித்தாலே உயிர் தப்பலாம். தனிக்கோட்டை கட்ட வசதியற்ற கிராமத்தவர்கள், தம்மிடமிருந்த கற்கட்டடமாகிய கோவிலையே அரணாக்கினர். சுற்றிலும் மதில் எழுந்தது. மதிலில் காவற் கோபுரங்கள் எழுந்தன.

ஆயினும் மதில் மட்டும் போதாது. உள்ளிருப்போர் உண்ண வேண்டுமே! அதனால் கோவில் வளவினுள்ளே தானியப் பெட்டிகளை வைத்தனர். ஒரு கோபுரத்தில் உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சியைத் தொங்கவிட்டனர். போர் அபாயம் நீங்கிய பின்னரும் இவ்வழக்கம் நெடுங்காலம் தொடர்ந்தது. கோவிலே ஊரின் கொம்பறையாயிற்று.

இதற்கெல்லாம் அடித்தளமாக இருந்தது அவர்களது அயலவர் சங்கமாகும். ஒரே தெருவில் வாழ்ந்த குடும்பங்கள் கிணறு துப்புரவாக்கவும், வீடு கட்டவும், இறந்தோரை அடக்கம் செய்யவும் ஒன்றுசேர்ந்து உழைத்தன. எவரும் தனித்து விடப்படவில்லை.

கொள்ளையரைத் தடுத்த மதிலால் அரசியலின் அலைகளைத் தடுக்க முடியவில்லை. 1945 ஜனவரியில் ருமேனியாவின் ஜேர்மன் மொழியினர் ஏறத்தாழ 70,000 பேர் கட்டாய வேலைக்காகச் சோவியத் ஒன்றியத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பலர் திரும்பி வரவேயில்லை. 1989இல் ஆட்சி மாறியபின் எஞ்சியோரிற் பெரும்பாலோர் ஜேர்மனிக்குப் புறப்பட்டனர். 1990இல் மட்டும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சென்றனர். விஸ்கிரியிலும் சில சாக்சன் குடும்பங்களே மிஞ்சின.

1999இல் யுனெஸ்கோ நிறுவனம் விஸ்கிரியை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. கோவில் நிலைத்து நிற்கிறது. பலர் வந்து பார்க்கின்றனர். ஆனால் அதைக் கட்டியோரின் வழித்தோன்றல்களிற் பெரும்பாலோர் தூர தேசத்தில் வாழ்கின்றனர். கல்லைப் பேணுவது அவசியமே. ஆயினும் அந்தக் கல்லை அடுக்கவைத்த அயலுறவு, மக்கள் போகுமிடமெல்லாம் கூடச் செல்லக்கூடியது. மதிலைச் சுமந்து செல்ல எவராலும் இயலாது; ஒருவர் சுமையை மற்றவர் தாங்கும் பழக்கத்தை எங்கும் கொண்டு செல்லலாம்.