பழைய லாரியில் ஸ்கேனர் வேலை செய்யாவிட்டால்...

தாமிரபரணிப் பாசனத்தில் ஏரல், ஸ்ரீவைகுண்டம் பகுதிகளில் வாழைத்தார் வெட்டும் சமயத்தில் லோடு வண்டி நின்றுவிட்டால், விவசாயிக்கு ஏற்படும் நஷ்டம் சிறிதல்ல. வெட்டிய தார் காத்திராது.

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு சென்றால், கோளாறைக் காட்டும் ஸ்கேனர் கருவியைச் செருகிப் பார்ப்பது வழக்கம். கருவிக்கு வண்டியிலிருந்து பதில் வராவிட்டால், "ஈ.சி.எம். போய்விட்டது" என்று சொல்லிவிடுவதும் உண்டு. ஈ.சி.எம். என்பது என்ஜினுக்கு எவ்வளவு டீசல், எந்த நேரத்தில் செலுத்துவது என்று கணக்கிடும் கம்ப்யூட்டர் பெட்டியாகும். இதை மாற்ற ஆயிரக்கணக்கில் செலவாகும். ஆனால், எரிந்துபோன ஒரு ஃபியூஸோ உப்புப் பிடித்த ஓர் எர்த் வயரோ கூட இதற்குக் காரணமாக இருக்கலாம். ஆகவே, பெட்டியை மாற்றச் சம்மதிக்கும் முன் கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

வண்டியில் கம்ப்யூட்டர் உண்டா?

பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி 2010ல் பெரிய நகரங்களில் மட்டும் வந்தது. நாடு முழுவதற்கும் 2017 ஏப்ரலில்தான் வந்தது. ஆகவே, அதற்கு முன் இப்பகுதியில் வாங்கிய வண்டி ஸ்டேஜ் 3 வகையாக இருக்கக்கூடும். டீசல் பம்ப் முழுவதும் மெக்கானிக்கலாக உள்ள வண்டியில், ஸ்கேனருக்குப் பதில் சொல்ல என்ஜின் கம்ப்யூட்டரே கிடையாது. வேறு சில பழைய வண்டிகளில் கம்ப்யூட்டரும் 16 துளைச் சாக்கெட்டும் இருந்தாலும், அவை தயாரிப்பாளரின் தனிக் கருவிக்கு மட்டுமே பதில் தரும். மலிவான பொதுக் கருவியால் பயனில்லை. எனவே ஆர்.சி. புத்தகத்தைக் காட்டி, வண்டியின் மாடலையும் வருடத்தையும் முதலில் தெரிவித்தல் நலம்.

கருவி நன்றாக உள்ளதா?

அதே கருவியை வேறொரு வண்டியில் செருகிப் பார்க்க வேண்டும். அங்கு வேலை செய்தால் கருவியில் குறையில்லை எனலாம். பெரிய லாரிகளில் இரண்டு பேட்டரிகளைச் சேர்த்து 24 வோல்ட் மின்சாரம் தருவர். 12 வோல்ட் கார்களுக்கென்று செய்த கருவியை இதில் செருகினால், கருவி எரிந்துபோக நேரிடும்.

மின்சாரம் வருகிறதா?

சாவியை 'ஆன்' நிலையில் வைத்ததும், என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்பு போயிருக்கலாம். அல்லது பெட்டிக்கே மின்சாரம் வராமலிருக்கலாம். அதற்குரிய ஃபியூஸையும் ரிலேயையும் முதலில் பார்க்க வேண்டும்.

சாக்கெட்டின் அகன்ற பக்கம் மேலே இருக்கும்படி பார்த்தால், மேல் வரிசையில் இடமிருந்து 1 முதல் 8 வரையும், கீழ் வரிசையில் 9 முதல் 16 வரையும் துளைகள் இருக்கும். 16ஆம் துளையில் பேட்டரி மின்சாரம் இருக்க வேண்டும். இல்லையெனில் ஃபியூஸ் போயிருக்கலாம். பல வண்டிகளில் போன் சார்ஜ் போடும் சாக்கெட்டுக்கும் இதற்கும் ஒரே ஃபியூஸ்தான்.

4, 5ஆம் துளைகள் எர்த் ஆகும். மல்டிமீட்டரின் சிவப்பு முனையை 16லும், கறுப்பு முனையை 4லும் பின்னர் 5லும் வைத்துப் பார்க்க வேண்டும். பேட்டரியில் வைத்தால் வோல்ட் காட்டி, இங்கு காட்டாவிட்டால் எர்த் வயரில்தான் கோளாறு.

தகவல் வயர்கள்

6, 14ஆம் துளைகளில் தகவல் வயர்கள் உள்ள வண்டியில், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, அவ்விரண்டுக்கும் இடையே ஓம் அளவு பார்க்கலாம். பெரும்பாலும் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கோ வயர் அறுந்திருக்கலாம். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் இரு வயர்களும் ஒட்டியிருக்கலாம். பின்னால் பொருத்திய ஜி.பி.எஸ். கருவி ஏதும் இருந்தால், அதைக் கழற்றிவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும்.

உப்புக் காற்றில் கவனம்

தூத்துக்குடி உப்பளங்களுக்கும் துறைமுகத்துக்கும் சென்று வரும் வண்டிகளில் எர்த் முனைகள் விரைவில் அரிக்கின்றன. செம்பு வயரில் பச்சைப் பூச்சு கண்டால் அரிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிட்டு, எர்த் போல்ட்டைப் பளிச்சென்று சுரண்டி, இறுக்கிப் பொருத்தி, மேலே கிரீஸ் தடவ வேண்டும். சாக்கெட்டின் உட்புறத்தை உப்புத்தாள் கொண்டு தேய்க்கலாகாது. அதற்கென்று உள்ள ஸ்பிரே போதும். கடலோரம் சென்று வந்தபின் சேசிஸை நல்ல தண்ணீரால் கழுவலாம். ஆனால் வயர் இணைப்புகள்மீது வேகமாக நீர் பீய்ச்சக் கூடாது.

இத்தனையும் சரியாக இருந்தும் கருவிக்குப் பதில் வராவிட்டால்தான் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும், பெட்டிக்கு வரும் மின்சாரத்தையும் எர்த்தையும் பெட்டியின் பிளக்கிலேயே அளந்து காட்டும்படி கேட்டு, அதன் பிறகே புதிய பெட்டிக்குப் பணம் கொடுப்பது நல்லது.